டைனமோவைக் கழற்றுவதற்கு முன்னால் மீட்டரை எடுங்கள்

“அண்ணாச்சி, இது மூணாவது பேட்டரி. காலைல சாவியைத் திருப்புனா டக்கு டக்குன்னு சத்தம் மட்டுந்தான் வருது. டைனமோ போச்சுன்னு சொல்லுதாவ. மாத்திருவமா?”

கேட்டவர் முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். வண்டி 2012 மாடல் சின்ன பெட்ரோல் கார். பகல் முழுக்க உப்புக் குவியலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். பதினெட்டு மாதத்தில் மூன்று பேட்டரி. ஒரு கடையில் ஒவ்வொரு தடவையும் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர்கூட மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்புவதுதான் டைனமோ. அப்போது டைனமோவின் பின்பக்க போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.4 வோல்ட். பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவே 13.0. டைனமோ தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறது, விளைந்தது வீடு வந்து சேரவில்லை. இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸ்ஸுக்கு வருகிற எர்த் ஒயரைப் பிடித்து வளைத்தேன். ரப்பர் உறைக்குள்ளே மொறுமொறுவென்றது. பிளேடால் கீறிப் பிரித்தால் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி. நாலைந்து இழைதான் மிச்சம். இன்ஜினை எழுப்புகிற செல்ஃப் மோட்டாருக்குப் போகிற கரண்டும் அந்த நாலைந்து இழை வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். சார்ஜும் அதே வழிதான். பேட்டரி எப்படிப் பிழைக்கும்?

புது எர்த் ஒயர் போட்டு, பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜரில் வைத்துக் கொடுத்தேன். டைனமோவில் கை வைக்கவில்லை.

தூத்துக்குடியில் இருபத்தேழு வருடமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். ‘டைனமோ போச்சு’ என்று வருகிற வண்டிகளில் ஒயர், பெல்ட், எர்த் கோளாறாக முடிகிறவை ஏராளம். மெய்யாகவே போயிருந்தாலும் முக்கால்வாசி நேரம் உள்ளே ஒரு சின்ன சாமான்தான் தேய்ந்திருக்கும். அதை நீங்களே கண்டுபிடிக்க முடியும். ஐந்நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது, அது போதும். புத்தகத்தில் ஆல்டர்னேட்டர் என்று இருக்கும். எங்கள் ஊரில் அம்பாசிடர் காலத்திலிருந்து டைனமோதான், நானும் அப்படியே சொல்கிறேன்.

உள்ளே நடப்பதை ஒரு மட்டுக்குத் தெரிந்துகொண்டால் சோதனை எல்லாம் தானே விளங்கும். நடுவில் சுற்றுகிற ரோட்டாரில் ஒரு கம்பிச்சுருள். பேட்டரியிலிருந்து சில ஆம்பியர் கரண்ட் இரண்டு கார்பன் பிரஷ் வழியாக ரோட்டாரின் இரண்டு செம்பு வளையத்துக்கு, அதாவது ஸ்லிப் ரிங்குக்குப் போகும். ரோட்டார் காந்தமாகும். அது சுற்றும்போது வெளியே இருக்கிற ஸ்டேட்டரின் மூன்று சுருளிலும் திசை மாறி மாறி ஓடுகிற ஏசி கரண்ட் பிறக்கும். டயோட் பிளேட் அதை ஒரே திசையில் ஓடுகிற டிசியாக மாற்றிப் பின்பக்கத் தடி போல்ட் வழியாக வெளியே விடும். இந்த போல்ட்டை ‘பி’ போல்ட் என்போம். வோல்ட் ஏறிவிடாமல் ரோட்டாருக்குப் போகிற கரண்டைக் கூட்டிக் குறைப்பது ரெகுலேட்டர். இவ்வளவுதான். பேட்டரி வண்டியை எழுப்பத்தான். எழுந்த பிறகு லைட், ஃபேன், பெட்ரோல் பம்ப், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாமே டைனமோவின் தலையில்.

முதலில் கண்ணும் காதும். சாவியை ‘ஆன்’ செய்தால் மீட்டர் போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் சார்ஜ் இல்லை. மங்கலாக, கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி எரிந்தால் பெரும்பாலும் டயோட்டில் கோளாறு. சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை என்றால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய மாடல்களில் அந்த விளக்கு வழியாகத்தான் ரோட்டாருக்கு முதல் கரண்ட் போகும். விளக்கு ஃபியூஸானால் டைனமோ எழும்பாமலே கிடக்கலாம்.

காலையில் கீச்சென்று கத்தினால் பெல்ட். ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்குகிற உறுமல் கேட்டால் பேரிங். பல்பு அடிக்கடி ஃபியூஸாகி, பேட்டரிப் பக்கம் அழுகின முட்டை வாடை அடித்தால் ரெகுலேட்டர் கைவிட்டு ஓவர் சார்ஜ் ஏறுகிறது. அப்படி வாடை வரும்போது பேட்டரி பக்கத்தில் தீப்பொறி வரக்கூடாது, அது வெடிக்கிற வாயு.

இனி மீட்டர். டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, கதவைத் திறப்பதற்கு முன்னால் பார்ப்பதுதான் சரியான அளவு. 12.6 என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் அதை சார்ஜரில் ஏற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். காலிப் பேட்டரியோடு செய்கிற சோதனை எதுவும் உண்மை சொல்லாது.

ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஐடிலில் 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் நலம். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து 2000 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். 13.5-க்குக் கீழே இறங்கினால் டைனமோவுக்குச் சுமை தாங்கவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர். 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. புது வண்டிகள் பலவற்றில் சார்ஜை இன்ஜின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. மைலேஜுக்காக, பேட்டரி நிறைந்திருந்தால் 12.8 வரைக்கும் இறக்கி வைக்கும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 14.8-க்கு ஏற்றும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடாதீர்கள். ஹெட்லைட் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். மாருதி 2015-ல் சியாஸில் கொண்டுவந்த எஸ்எச்விஎஸ் என்கிற மைல்டு ஹைப்ரிட் மாதிரி வண்டிகளில் செல்ஃப் அடிப்பதையும் சார்ஜ் பண்ணுவதையும் ஒரே மெஷின் செய்கிறது. அதை இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டாம்.

அடுத்ததுதான் யாரும் செய்யாத, நான் ஒருபோதும் விடாத சோதனை. இன்ஜின் ஓட, லைட் எல்லாம் எரிய, மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் ‘பி’ போல்ட்டிலும் மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். இரண்டும் பிளஸ்தான், பயப்பட வேண்டாம். வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை மீட்டர் காட்டும். 0.2 வரை பரவாயில்லை. 0.5 வந்தால் அந்த ஒயரிலோ, ஒயர் முனையிலிருக்கிற லக்கிலோ, பானெட்டுக்குள் இருக்கிற பெரிய மெயின் ஃபியூஸிலோ துரு. பிறகு ஒரு முனையை டைனமோவின் வெறும் அலுமினிய உடம்பிலும் மற்றதை பேட்டரி மைனஸ்ஸிலும் வையுங்கள். 0.1, மிஞ்சினால் 0.2. மைனஸ் குறி வந்தாலும் எண்ணை மட்டும் பாருங்கள். கணக்கு எழுதுகிறவர் வண்டியில் இங்கே வந்த எண் 1.2.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் நான் இதைப் பார்க்காமல் ஒரு டாக்ஸிக்காரருக்கு டைனமோ மாற்றிக் கொடுத்தேன். நாலு நாளில் அதே கோளாறோடு திரும்பி வந்தார். கோளாறு எர்த்தில். அவர் திட்டவில்லை. அன்றைய சவாரி போய்விட்டதே என்று மட்டும் சொன்னார். அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தும் அந்த நாளை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து எர்த் பார்க்காமல் நான் டைனமோ போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதில்லை.

மூன்றாவது, மீட்டரை ஏசி வோல்ட் அளவுக்கு மாற்றி, ஓடும்போது பேட்டரி முனைகளில் வையுங்கள். டயோட் எல்லாம் நன்றாக இருந்தால் 0.1-க்குப் பக்கத்தில் இருக்கும். 0.5-ஐத் தாண்டினால் டயோட் ஒன்றோ இரண்டோ போய், ஏசி கலந்து வருகிறது. ரேடியோவில் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ‘ஊய்’ என்று ஒலி வருவதும் இதனால் இருக்கலாம். இப்படிக் கசிகிற டயோட், நின்றுகொண்டிருக்கிற வண்டியின் பேட்டரியையும் ராத்திரியில் உறிஞ்சும். சந்தேகம் இருந்தால் சாவியை எடுத்து, எல்லாக் கதவையும் மூடி, மைனஸ் கேபிளைக் கழற்றி, நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டுங்கள். அரை மணி நேரத்தில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? மீட்டரை எடுத்துவிட்டு ‘பி’ ஒயரைக் கழற்றி, முனையில் துணி சுற்றி ஒதுக்கிவைத்து, மீட்டரை மட்டும் மறுபடி மாட்டிப் பாருங்கள். இப்போது இறங்கினால் கள்ளன் டைனமோவுக்குள்ளேதான். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

பழைய ஆட்கள் ஒரு சோதனை செய்வார்கள். ஓடுகிற வண்டியில் பேட்டரி கேபிளைப் பிடுங்குவது. இன்ஜின் நிற்கவில்லை என்றால் டைனமோ நல்லது என்பார்கள். கார்ப்பரேட்டர் காலத்தோடு அது போகட்டும். பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு துள்ளும். டயோட், ரெகுலேட்டர், இன்ஜின் கம்ப்யூட்டர் எது வேண்டுமானாலும் போகும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

சார்ஜ் இல்லை, ஒயர் எல்லாம் சரி என்று ஆகிவிட்டதா? இன்னும் கழற்ற வேண்டாம். சாவியை ஆன் செய்து, இன்ஜின் ஓடாமல், ஒரு சின்ன ஸ்பேனரை டைனமோவின் பின்பக்க பேரிங் மூடிக்குக் கிட்டே கொண்டுபோங்கள். பழைய மாடலாக இருந்தால் வெடுக்கென்று பிடித்து இழுக்கும். இழுத்தால் பிரஷ்ஷும் ரோட்டாரும் உயிரோடு இருக்கின்றன, டயோட் பக்கம் பாருங்கள். இழுக்கவில்லை என்றால் சுத்தியல் கைப்பிடியால் பின்மூடியில் மெல்ல நாலு தட்டு தட்டுங்கள். தட்டியதும் இழுக்க ஆரம்பித்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற வண்டிகளில், ஓடினால்தான் ரோட்டாருக்குக் கரண்ட் வரும், அங்கே இந்தச் சோதனை பொருந்தாது.

பெல்ட்டையும் பாருங்கள். பழைய வி பெல்ட்டில் இரண்டு புல்லிக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்கலாம். பல வரி உள்ள பட்டை பெல்ட்டில் வரி வெடித்திருக்கிறதா, பளபளப்பாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஈரத்தில் வழுக்கும் பெல்ட்டுக்குப் பவுடர், ஸ்ப்ரே எதுவும் மருந்து கிடையாது, மாற்றுங்கள்.

கழற்றும்போது முதல் வேலை பேட்டரி மைனஸ்ஸை எடுப்பது. ‘பி’ போல்ட்டில் எப்போதும் நேராக பேட்டரி கரண்ட் நிற்கிறது. மைனஸ்ஸை எடுக்காமல் ஸ்பேனர் போட்டு, அது இன்ஜினில் பட்டால் ஸ்பேனர் வெல்டாகிவிடும். என் கடைப் பையனின் மோதிர விரலில் அந்தத் தழும்பு இருக்கிறது. அதற்குப் பிறகு கடைக்குள் யாரும் மோதிரம், கைச்செயின் போடுவதில்லை. பெல்ட் எந்த வழியாகச் சுற்றி வருகிறது என்று செல்போனில் படம் எடுத்துவிட்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைத் தளர்த்துங்கள்.

பழைய டீசல் வண்டிகள் சிலவற்றில் டைனமோவின் முதுகில் வேக்குவம் பம்ப் ஒன்று ஒட்டியிருக்கும். அது பிரேக்குக்கு. அதில் இன்ஜின் ஆயில் ஓடும். அதன் சீல் கசிந்து ஆயில் டைனமோவுக்குள் இறங்கி, பிரஷ் தூளோடு சேர்ந்து மை மாதிரி அப்பிக்கொள்வது அந்த வண்டிகளில் வழக்கமான கோளாறு. பிரஷ் மாற்றினால் போதாது, சீலையும் மாற்ற வேண்டும். திரும்ப மாட்டியதும் பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பார்க்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

பெஞ்சில் வைத்ததும் முன்மூடியிலிருந்து பின்மூடி வரை மார்க்கரால் நேராக ஒரு கோடு இழுங்கள். மூட்டும்போது அந்தக் கோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் போல்ட் மாட்டுகிற காது துளைகள் இன்ஜினில் பொருந்தாது. சில மாடல்களில் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் ஒரே பெட்டியாகப் பின்னால் இரண்டு மூன்று ஸ்க்ரூவில் இருக்கும், வண்டியிலிருந்து இறக்காமல்கூட மாற்றலாம். மற்றவற்றில் நீள போல்ட்டுகளை எடுத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பிரஷ்ஷை வெளியே எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். புதியது விரல் நகம் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அரிசி மணி அளவுக்குத் தேய்ந்து, பின்னாலிருக்கிற ஸ்பிரிங் ஸ்லிப் ரிங்கைக் கீறிக்கொண்டிருந்த வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன. புது பிரஷ்ஷின் ஈயப் பற்றை நீங்களே வைக்கலாம், ஆனால் ஈயம் பிரஷ்ஷின் பின்னல் ஒயருக்குள் ஊறிப்போனால் அது கம்பி மாதிரி விறைத்துக்கொள்ளும், பிரஷ் இறங்காது. சூடு சுருக்காக, ஈயம் கொஞ்சமாக.

ஸ்லிப் ரிங்கில் கறுப்பு மட்டும் என்றால் 400 நம்பர் எமரித் தாளை ரிப்பன் மாதிரி சுற்றிப் பிடித்து ரோட்டாரைத் திருப்புங்கள், செம்பு நிறம் வரும். விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுக்க வேண்டும் அல்லது ரிங்கையே மாற்ற வேண்டும். இரண்டு ரிங்குக்கும் நடுவே மீட்டரை ஓம் அளவில் வைத்தால் 2-லிருந்து 5 ஓம் போலக் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. ரிங்குக்கும் ரோட்டார் தண்டுக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது, காட்டினால் எர்த் அடித்துவிட்டது. ஸ்டேட்டரின் மூன்று முனைகளும் ஒன்றோடொன்று ஒரே மாதிரி காட்ட வேண்டும், இரும்போடு சேரக் கூடாது. கருகிய வார்னிஷ் வாடையும் கறுத்த சுருளும் இருந்தால் மீட்டரே வேண்டாம். டயோட்டுகளை ஸ்டேட்டர் முனையிலிருந்து பிரித்து, மீட்டரின் டயோட் அளவில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் 0.5, 0.6 போல, திருப்பினால் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காட்டினால் பிளேட் போச்சு.

பேரிங்கைக் கையில் பிடித்துச் சுற்றுங்கள். மணல் அரைக்கிற மாதிரி விரலுக்குத் தெரிந்தால் மாற்றுங்கள். 6303 என்பது போல நம்பர் அதன் சீல் மேலேயே இருக்கும். நல்ல கம்பெனி பேரிங் வாங்குங்கள், இங்கே நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கக் கூடாது. திறந்தது திறந்தாயிற்று என்றால் பேரிங் இரண்டையும் மாற்றிவிடுவதுதான் என் வழக்கம்.

மூட்டும்போது பிரஷ் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும், ரோட்டார் உள்ளே போகாது. பல மாடல்களில் பின்மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். பிரஷ்ஷை உள்ளே அழுத்திப் பிடித்து அந்தத் துளை வழியாக ஒரு சைக்கிள் ஸ்போக்கைச் செருகினால் பிரஷ் உள்ளேயே நிற்கும். மூட்டி முடித்ததும் ஸ்போக்கை உருவினால் டக்கென்று பிரஷ் ரிங்கில் உட்காரும் சத்தம் கேட்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அந்தச் சத்தம் கேட்காமல் டைனமோவைப் பெஞ்சிலிருந்து எடுக்க விடமாட்டார்.

ரோட்டாரும் ஸ்டேட்டரும் சேர்ந்து எரிந்திருந்தால் பழுது பார்ப்பது வீண் செலவு. உடம்பிலிருக்கிற பெயர்த் தகட்டில் வோல்ட், ஆம்பியர், பார்ட் நம்பர் பார்த்து அதே அளவு வாங்குங்கள். 70 ஆம்பியர் இருந்த இடத்தில் 45 போட்டால் ஏசி போட்ட அன்றைக்கே மூச்சு வாங்கும்.

தண்ணீரில் மூழ்கிய வண்டி தனிக் கதை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அடுத்த இரண்டு மாதம் என் பெஞ்சில் சேறு பிடித்த டைனமோ தவிர வேறொன்றும் இல்லை. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுடையதில் டயோட் பிளேட் கருகியிருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு இழுத்து வந்தவர்களுடையதில் பாதிக்கு மேல் காப்பாற்றிவிட்டேன். பிரித்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, நிழலில் தண்ணீர் வடியவிட்டு, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, பேரிங், பிரஷ் இரண்டையும் கண்டிப்பாக மாற்ற வேண்டும். சாலைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றில்லை. உப்புத் தண்ணீர் ஏறியிருந்தால் முதல் நாளே கழுவினால்தான் உண்டு.

ராத்திரி வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். ஏசி, பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். இன்ஜினை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் மறுபடி எழும்பாது. வெப்ப முள்ளைப் பாருங்கள். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது, பெல்ட் அறுந்து முள் ஏறினால் உடனே ஓரம் கட்டத்தான் வேண்டும். நல்ல பேட்டரி, பகல் என்றால் ஒரு மணி நேரம் போலத் தாக்குப்பிடிக்கலாம். ஹெட்லைட்டோடு அதில் பாதியை எண்ணிக்கொள்ளுங்கள். வல்லநாடு தாண்டி வருகிறவர் திருநெல்வேலியா தூத்துக்குடியா என்று யோசிக்காமல் கிட்டே வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க்கில் ஒதுங்குவதே நல்லது. ஸ்டியரிங் கரண்டில் ஓடுகிற வண்டி என்றால் அது கடைசியில் திடீரென்று கனக்கும்.

எல்லாம் மாட்டியாயிற்று. இனி பேட்டரியை வெளியே சார்ஜரில் முழுக்க ஏற்றிவிட்டு மாட்டுங்கள். காலிப் பேட்டரியைப் புது டைனமோவின் தலையில் கட்டினால் முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடிச் சூடேறும். லக்குகளை எமரித் தாளில் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். கடற்கரை ஊரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். ஸ்டார்ட் செய்து, 13.8-க்கு மேல் இருக்கிறதா, சுமையில் 13.5 நிற்கிறதா, இரண்டு பக்கமும் வழியில் தொலைவது 0.2-க்குள்ளா என்று மறுபடி பாருங்கள். மறுநாள் காலை கதவைத் திறக்கும் முன்னால் ஒரு தடவை. 12.5, 12.6 என்றால் வேலை முடிந்தது. 12.3-க்குக் கீழே என்றால் ராத்திரியில் ஏதோ உறிஞ்சியிருக்கிறது. மீட்டரை ஆம்பியர் அளவுக்கு மாற்றி, மைனஸ் கேபிளிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.